படத்தின் பின்புறம்

புலம்பெயர்ந்த நம் இல்லங்கள் பலவற்றில், அலுமாரித் தட்டிலோ பயணப்பெட்டியின் அடியிலோ பழைய புகைப்படங்கள் சில உறங்கிக் கிடக்கின்றன. வீட்டையும் வளவையும் விட்டுப் புறப்பட்டோர், காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் கைக்கு அகப்பட்ட படங்களையும் எடுத்து வந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தோர் பலருக்கு அதற்கும் அவகாசம் கிட்டவில்லை. ஆதலால் எஞ்சியுள்ளவை பெரும்பாலும் ஒற்றைப் பிரதிகளே. ஒற்றைப் பிரதியின் கதி யாதென்பதைப் பிறர் சொல்லி நாம் அறியவேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் மீளவேயில்லை.

ஆல்பத்தில் இருப்பது பத்திரமாக இருக்கிறது என்று நம்புவோர் பலர். கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. முறையாகக் கழுவி உலர்த்தியிருந்தால் நூறாண்டும் நிற்கும். 1970களின் வண்ணப் படமோ சாயத்தால் ஆனது. இருட்டில் வைத்தாலும் மங்கும். அக்காலத்து ஒட்டுப்பசை ஆல்பங்கள் மேலும் கேடு செய்வன. எனவே வயதில் இளைய வண்ணப் படங்களையே முதலில் எண்ணிம வடிவாக்க வேண்டும். ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் வருடி, மூன்று பிரதிகள் செய்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைப்பது நன்று. பசையில் இறுகிய படத்தைப் பிய்த்தெடுக்கலாகாது, பக்கத்தோடு வருடலாம்.

ஆயினும் இவையெல்லாம் பாதி வேலையே. படத்தின் முன்புறத்தை இயந்திரம் காத்துவிடும். அதிலிருப்பவர் யார் என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது. பின்புறத்தில் மங்கிய எழுத்தில் ஊரும் ஆண்டும் ஸ்ரூடியோ முத்திரையும் இருக்கக்கூடும். அதனையும் தவறாது வருடவேண்டும். எதுவும் இல்லையெனில் வீட்டு மூத்தோரிடம் இன்றே கேட்கவேண்டும். நடுவில் மாலையோடு இருப்பவரை எல்லோரும் அறிவர். ஓரத்தில் பாதி மறைந்து நிற்கும் சிறுமியை அம்மம்மா ஒருவரே அறிவார்.

அவர் சொல்வதைத் தமிழில் எழுதுக என்பதே என் வேண்டுகோள். 'அங்கிள்' என்று குறித்துவைத்தால், அவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா, அயல்வீட்டாரா என்பது பேரப்பிள்ளைக்கு எவ்வாறு விளங்கும்? 'அப்பம்மாவின் தமையன்' என்று எழுதினால் ஒரு குடும்ப மரத்தின் கிளையே தெரிந்துவிடுகிறது.

இக்காலத்தில் கணினி பழைய படங்களுக்கு வண்ணமும் தீட்டித் தருகிறது. பார்க்க அழகுதான். ஆனால் அம்மம்மாவின் கூறைச்சேலை என்ன நிறம் என்பது கணினிக்குத் தெரியாது, அது ஊகிக்கிறது. அவரைக் கேட்டால் நிறத்தோடு விலையையும் வாங்கிய கடையையும் சேர்த்தே சொல்வார்!

இலக்கணம் படிப்பிக்கவே சனிக்கிழமை போதவில்லை, இதற்கு நேரம் ஏது என ஆசிரியர்கள் வினவலாம். ஒரு தவணையில் ஒரு படம் போதும். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு படத்தின் பிரதியைக் கொண்டுவந்து, அதிலுள்ளோரின் பெயர், முறை, ஊர், எடுத்த சந்தர்ப்பம் ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதட்டும். 'எனது பூந்தோட்டம்' என்ற கட்டுரையை, பூந்தோட்டமே இல்லாத அடுக்குமாடிப் பிள்ளைகள் எத்தனை ஆண்டுகள்தாம் எழுதுவது?