களைப்புக்கு முன்னே இளைப்பாறுதல்



நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் முதல் வெள்ளிக்கிழமைகளில் நான் தவறாது செல்லும் இல்லம் ஒன்று உண்டு. அங்கே மூதாட்டி ஒருவர் மூன்றாண்டுகளாகப் படுக்கையில் கிடக்கிறார். இரவும் பகலும் அவரைக் கவனிப்பவர் மருமகள். அண்மையில் அவருடைய முகம் மிக வாடியிருக்கக் கண்டு, "நீ எப்போதம்மா ஓய்வெடுக்கிறாய்?" என்று கேட்டேன். "எல்லாம் முடிந்த பிறகு ஒரு மாதம் படுத்துத் தூங்கிக்கொள்கிறேன், சாமி" என்றார். சொல்லி முடித்ததும் தாம் சொன்னதன் பொருள் அவருக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவர் அன்பில்லாதவர் அல்லர், இளைத்துப்போனவர். அவரை எண்ணியபடி வீடு திரும்பியபோது, முன்பு படித்த ஓர் ஆராய்ச்சி என் நினைவுக்கு வந்தது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் கிறிஸ்டென்சன், ஹெட்மன், ஆஸ்ட்ராண்ட் தம்பதியர் ஆகிய உடலியல் அறிஞர்கள் நடத்திய சோதனை அது. 1960ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நல்ல உடற்பயிற்சியுள்ள ஒருவரை, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் ஏற்றி, 350 வாட் என்னும் கடும் பளுவில் மிதிக்கச் செய்தனர். இடைவிடாது மிதித்தபோது பத்து நிமிடங்கள்கூட அவரால் தாக்குப்பிடிக்க இயலவில்லை.

பின்னர் அதே பளுவை ஒரு மணி நேரத்திற்குப் பகிர்ந்தளித்தனர். ஒரு முறை மூன்று நிமிட உழைப்பு, மூன்று நிமிட ஓய்வு. மற்றொரு முறை அரை நிமிட உழைப்பு, அரை நிமிட ஓய்வு. கூர்ந்து நோக்குங்கள்: இரண்டிலும் உழைப்பு மொத்தம் 30 நிமிடம், ஓய்வும் மொத்தம் 30 நிமிடம். செய்த வேலை ஒன்றே. அதற்காக உடல் செலவிட்ட ஆற்றலிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் மூன்று நிமிட முறையில் அம்மனிதர் முற்றும் சோர்ந்துபோனார்; அவருடைய 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறத்தாழ 120 மில்லிகிராம் வரை ஏறியது. அரை நிமிட முறையிலோ அது ஏறத்தாழ 20 மில்லிகிராம் அளவிலேயே நின்றது. ஒரு மணி நேரம் அதிகத் துன்பமின்றி முடிந்தது.

இதன் காரணம் யாது? நம் தசைகளில் உடனடிச் செலவுக்கென்று சிறு கையிருப்பு ஒன்றை ஆண்டவர் வைத்திருக்கிறார். கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் பொருளும், தசையிலுள்ள மையோகுளோபின் பிடித்து வைத்திருக்கும் சிறிதளவு பிராணவாயுவுமே அந்தக் கையிருப்பு. கடும் உழைப்பில் சில விநாடிகளில் அது கரையத் தொடங்கும். ஓய்வு கிடைத்தால் விரைவில் மீண்டும் நிரம்பத் தொடங்கும். அது தீர்ந்த பின்னும் உழைப்பு தொடர்ந்தால், தசை சர்க்கரைச் சத்தை அவசர அவசரமாக உடைத்து ஆற்றல் தேடும். அப்போதுதான் லாக்டிக் அமிலம் பெருகித் தசை புளிக்கிறது. முன்னே நம்பியதுபோல லாக்டிக் அமிலம் வெறும் கழிவன்று என்பதை இன்று அறிந்திருக்கிறோம். இதயம் அதனை எரிபொருளாகக் கொள்கிறது, ஈரல் அதனை மீண்டும் சர்க்கரையாக்குகிறது. ஆனால் புளிப்பு மிஞ்சினால் தசையின் வேலை தடைப்படுகிறது. அதைவிட முக்கியமானது இது: புளித்துப்போன தசையில் அந்தக் கையிருப்பு மீண்டும் நிரம்புவதும் தாமதமாகிறது. மிகக் களைத்தவனுக்கு ஓய்வும் உடனே பலன் தருவதில்லை!

ஆகவே, எவ்வளவு ஓய்வு என்பது மட்டும் கேள்வியன்று. அது எப்போது வருகிறது என்பதும் கேள்வியே. கையிருப்பு தீருமுன் வரும் சிறிய ஓய்வு உழைப்பைத் தாங்குகிறது. தீர்ந்த பின் வரும் நீண்ட ஓய்வு, நேர்ந்த சேதத்தைச் சரிசெய்யவே செலவாகிறது.

தசைக்குரிய விதி உள்ளத்திற்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் திருச்சபை இந்த ஞானத்தை நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறது. காலை, நண்பகல், மாலை என மும்முறை மணி ஒலித்து மூவேளைச் செபத்திற்கு நம்மை அழைப்பது ஏன்? ஆண்டு முழுவதற்குமான செபத்தை ஒரே நாளில் முடித்துவிடச் சொல்லவில்லையே! பணி முடித்துத் திரும்பிய சீடர்கள் உண்பதற்கும் நேரமின்றித் தவித்தபோது, தனிமையான இடத்திற்குச் சென்று சற்றே இளைப்பாறுமாறு நம் ஆண்டவர் அழைத்ததை மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் காண்கிறோம். மக்கள் கூட்டம் அப்போதும் காத்துக்கொண்டுதான் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு என்று அவர் சொல்லவில்லை.

அந்த மருமகளைப் புகழாதவர் எம் பங்கில் இல்லை. நானும் மறையுரையில் அவரை எடுத்துக்காட்டாகக் கூறியவனே. புகழ்ந்த நான், அவருக்கு ஒரு மணி நேர ஓய்வு தருவார் யாரென்று மூன்றாண்டுகளாகக் கேட்கவில்லை. இது என் குற்றம். கணவரின் உடன்பிறந்தோரும் கல்நெஞ்சர் அல்லர். "கோடை விடுமுறைக்கு வந்து ஒரு மாதம் பார்த்துக்கொள்கிறோம்" என்று உண்மையாகவே சொல்லியிருந்தார்கள். அவர்களை அழைத்து, இந்தச் சைக்கிள் சோதனையைச் சொன்னேன். விடுமுறையில் வருவது நல்லதே. ஆனால் அதுவரை காத்திராதீர்கள் என்றேன். இப்போது அருகில் வசிக்கும் நாத்தனார் நாள்தோறும் பிற்பகலில் ஒரு மணி நேரம் வந்து தாயருகே அமர்கிறார். வாரம் இரண்டு இரவுகள் கணவரே விழித்திருக்கிறார். சென்ற முதல் வெள்ளியன்று நான் போனபோது மருமகள் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று சொல்லி, மூதாட்டிக்கு நற்கருணை வழங்கித் திரும்பினேன்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இடைவிடாது மிதித்துக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கலாம். அவர் தாயாக இருக்கலாம். இரட்டை வேலை பார்க்கும் தந்தையாக இருக்கலாம். தேர்வுக்காக விடியவிடியப் படிக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். அவர் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திராதீர்கள். கேட்கும் வேளையில் கையிருப்பு தீர்ந்திருக்கும். இன்றே அரைமணி நேரம் அவருடைய சுமையை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுமை சுமந்து சோர்ந்தோரைத் தம்மிடம் அழைக்கும் ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!