மங்கிய பட்டன், மறைஞ்ச டிக்

பிள்ளைங்க ஒரு கேம் கேட்டா நாம செய்யறது என்ன? நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். சில திரையில மட்டும் அந்த நெக்ஸ்ட் ஏன் மங்கிக் கிடக்குது?

விண்டோஸின் எம்எஸ்ஐ கோப்புக்குள்ளே ‘கன்ட்ரோல் கண்டிஷன்’ என்று ஓர் அட்டவணை உண்டு. எந்த நிபந்தனை வந்தால் எந்தப் பட்டனைக் காட்டணும், மறைக்கணும், இயக்கணும், முடக்கணும் என்று அதில் எழுதியிருக்கும். ‘ஒப்பந்தத்தை ஏற்கிறேன்’ என்று டிக் போட்டாத்தான் நெக்ஸ்ட்டுக்கு உயிர் வரும். அதை யார் படிக்கிறாங்க என்பது வேற கதை!

மங்கலா இருந்தா, அங்கே ஒண்ணு இருக்குன்னாவது தெரியும். மறைச்சுட்டா அதுவும் தெரியாது. எனக்குக் கோபம் இதுலதான். ‘டிபிகல்’ பக்கத்துல ‘பரிந்துரைக்கிறோம்’னு போட்டிருப்பாங்க. ‘கஸ்டம்’ அமுக்கினாத்தான் சில இன்ஸ்டாலர்ல மிச்ச டிக்கெல்லாம் வெளியே வரும்: புது டூல்பார், ப்ரௌசரின் முகப்புப் பக்கத்தை மாத்துறது, கூடவே இன்னொரு மென்பொருள். எல்லாத்துக்கும் அவங்களே டிக் போட்டு வெச்சிருப்பாங்க. ஆரக்கிளின் ஜாவா இன்ஸ்டாலர் ஆஸ்க் டூல்பாருக்கு ஒளிக்காமலே, கண்ணெதிரே டிக் போட்டு வெச்சது. அப்பவும் எத்தனையோ பேர் கவனிக்கல.

முன்கூட்டியே போட்ட டிக் சம்மதம் ஆகாதுன்னு 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு குக்கீ வழக்கில் சொல்லிடுச்சு. நம்ம வீட்டு லேப்டாப்புக்கு நீதிபதி வரமாட்டார். அடுத்த தடவை பிள்ளையைப் பக்கத்துல உட்கார வெச்சு, ‘கஸ்டம்’ அமுக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு டிக்கும் எதுக்குன்னு அவங்களே தமிழ்ல உங்களுக்குச் சொல்லட்டும்.