‘எந்தத் தெரு?’ என்ற கேள்வி செல்போனுக்குள் வந்துவிட்டது

“அந்தரங்கம், தனியுரிமை எல்லாம் ஏசி அறையில் இருப்பவர்களின் கவலை. நமக்கு நிலமும் கூலியும்தான் பிரச்சினை” என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். இதை நாம் ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தரங்கம் மறுக்கப்பட்டவர்கள் நாம்தான். பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அதிலும் பிடிபடாவிட்டால் “எந்தத் தெரு?” என்று கேட்கிற சமூகம் இது. முன்பு மழுப்பிவிட்டு நகர்ந்துவிடலாம். இப்போது நம்மிடம் கேட்கவே வேண்டியதில்லை. முகநூலில் கிடக்கும் அக்காவின் கல்யாணப் பத்திரிகையும் ஏப்ரல் 14 அன்று போட்ட படமும் போதும், வீட்டு உரிமையாளருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

கல்லூரியில் இதே கேள்விக்கு “ரேங்க் என்ன?” என்று பெயர். சக மாணவரிடம் நுழைவுத் தேர்வு ரேங்க்கைக் கேட்காதீர்கள் என்று மும்பை ஐஐடி 2023இல் வழிகாட்டுதல் வெளியிட வேண்டி வந்தது. கேட்பவருக்கு ரேங்க் தேவையில்லை, சாதிதான் தேவை.

சாதி மறுத்துத் திருமணம் செய்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி மனு கொடுத்தால், இருவரின் விவரங்களையும் பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி, ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். 1954இல் அது ஒரு சுவரில் ஒட்டிய காகிதம். இன்று அதையே ஒருவன் செல்போனில் படமெடுத்துச் சாதிச் சங்க வாட்ஸ்அப் குழுவில் போட்டால், மாலைக்குள் இரண்டு வீட்டு வாசலிலும் ஆள் நிற்கும். இத்தகைய அறிவிப்புகளை இணையதளத்தில் ஏற்றுவதைக் கேரள அரசு 2020இல் நிறுத்தியது. அறிவிப்பை வெளியிடுவது மணமக்களின் விருப்பம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. (தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்கு 7-ஏ பிரிவு இருக்கிறது, 30 நாள் அறிவிப்பு தேவையில்லை. ஆனால் இருவரும் இந்துச் சட்டத்துக்குள் வர வேண்டும்.) 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டியவர்களைப் பார்த்த பிறகும், ஓடிப்போன ஜோடியின் படத்தை “வாழ்த்துகள் தோழர்” என்று போட்டு, இருக்கும் ஊரையும் சேர்த்துப் போடுகிறவர்களை என்ன சொல்வது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் தீர்ப்பளித்தார்கள். அதன்பின் வந்த 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம், பொது ஒழுங்கு, பாதுகாப்பு என்று சொல்லித் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள ஒன்றிய அரசுக்கு வழி வைத்திருக்கிறது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, ‘தனிப்பட்ட தகவல்’ என்று காரணம் காட்டி மறுப்பதை எளிதாக்கிவிட்டது. தொகுப்பு வீடு யார் பெயரில் போனது என்று நாம் கேட்டால் அதிகாரிக்கு அந்தரங்கம் நினைவுக்கு வரும். நம் செல்போனுக்கு மட்டும் அது கிடையாது.

அரசைத் திட்டுவது சுலபம். நம் பக்கத்துக்கும் வருவோம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் வீட்டுக்கு உண்மை அறியும் குழு போகிறது. கூடவே போகிறவர் அந்தத் தாய் அழுவதை ஃபேஸ்புக்கில் நேரலை செய்கிறார். கேட்டால் “நீதிக்காகத்தான்” என்கிறார். அந்தப் பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். இறந்துபோனாலும் பெயரை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. சிறுமி என்றால் போக்சோ சட்டப்படி பள்ளியின் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவு, சாட்சியின் பெயரையும் முகவரியையும் ஆவணங்களில் மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. போராடி வாங்கிய அந்தப் பாதுகாப்பை நம் ஆளே ஒரு வீடியோவில் காலி செய்கிறார். சாட்சி சொல்பவர் மறுநாள் அதே ஊரில், அதே ஆட்களின் வயலுக்குத்தான் கூலிக்குப் போயாக வேண்டும்.

உங்கள் அமைப்பின் பக்கத்தை இன்றே பின்னோக்கிப் புரட்டுங்கள். பாதிக்கப்பட்டவரின் முகம், முதல் தகவல் அறிக்கையின் படம், உதவித்தொகைக்காகக் குழுவில் போட்ட சாதிச் சான்றிதழ், ஜோடிகளின் இருப்பிடம், எது இருந்தாலும் நீக்குங்கள். அடுத்த களப்பணிக்குக் கிளம்பும்முன் யார் கையில் கேமரா, யாரிடம் அனுமதி கேட்பது என்பதை முடிவு செய்துகொண்டு ஊருக்குள் போங்கள்.