சிறுபிள்ளை வேளாண்மை

பள்ளிப் பிள்ளைகள் ஒரு கோரிக்கையோடு தெருவுக்கு வந்தால் போதும், நம் வீடுகளில் பழமொழி தயாராக இருக்கும்: சிறுபிள்ளை வேளாண்மை விளைந்தாலும் வீடு வந்து சேராது. அதன் பின்னாலேயே வாதங்களும் வரும். கல்வி நிதி, சட்டம், பாடத்திட்டம் பற்றியெல்லாம் இதுகளுக்கு என்ன தெரியும்? எவனோ பின்னால் நின்று தூண்டிவிடுகிறான். படிப்புதான் பாழாகிறது. கடைசியில் என்னத்தைக் கண்டார்கள்?

படித்தவர்கள், பள்ளி நடத்துகிறவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று பலர் வாயிலும் இதைக் கேட்டிருக்கிறேன். ஊகமாகப் பதில் சொல்வதைவிட, நடந்து முடிந்த ஒரு கதையை வைத்துச் சோதிப்பது மேல். அதற்குச் சிலியைவிடத் தோதான நாடு எனக்குத் தெரியவில்லை. அங்கே பள்ளிப் பிள்ளைகள் 2006-இல் விதைத்தார்கள். எது வீடு வந்தது, எது வழியில் சிந்தியது என்று எண்ணிப் பார்க்கப் போதிய காலம் கடந்துவிட்டது.

முதலில், "என்ன தெரியும்?" என்ற கேள்வி.

சிலியின் கடலோரத்தில் லோத்தா என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கத்தை 1997-இல் மூடிவிட்டார்கள். எஞ்சியது வறுமை. அங்கிருந்த நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் மழை பெய்தால் வகுப்பறைக்குள் தண்ணீர் நிற்கும். 'தண்ணீர்ப் பள்ளி' என்றே அதற்குப் பட்டப்பெயர். 2006-இல் முதலில் கிளம்பியவர்களில் அந்தப் பிள்ளைகளும் உண்டு. தலைநகர் சாண்டியாகோவில் பேருந்துச் சலுகை அட்டையும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக் கட்டணமும் பிரச்சினையாக இருந்தன. நீலக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக வந்த கூட்டத்துக்குப் 'பென்குயின்கள்' என்று பெயர் விழுந்தது.

பேருந்து அட்டை, கட்டணம், ஒழுகும் கூரை. இதுவரை எந்தப் பெரியவருக்கும் ஆட்சேபம் இருக்காது. 'பாவம், பிள்ளைகள்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பென்குயின்கள் அங்கே நிற்கவில்லை. கூரை ஏன் ஒழுகுகிறது என்று கேட்டார்கள். நகராட்சியிடம் பணம் இல்லை. பள்ளி ஏன் நகராட்சியிடம் இருக்கிறது? பினோசெட்டின் ராணுவ ஆட்சி 1980-களில் அரசுப் பள்ளிகளை நகராட்சிகள் தலையில் கட்டியது. பணக்கார நகராட்சியில் நல்ல பள்ளி, லோத்தாவில் தண்ணீர்ப் பள்ளி. போதாததற்கு, வகுப்புக்கு வரும் தலையை எண்ணி அரசு மானியம் கொடுக்கும் முறை. அதே மானியம் தனியார் பள்ளிக்கும் உண்டு. அவர்கள் அதில் லாபமும் எடுக்கலாம். 1990-களிலிருந்து பெற்றோரிடம் தனியாகக் கட்டணமும் வாங்கலாம். தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கியும் எடுக்கலாம். பொறுக்கி எடுத்தது போக மிச்சம் நகராட்சிப் பள்ளிக்கு.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் காவலாக ஒரு கல்விச் சட்டம் இருந்தது. அது அரசிதழில் வெளியான நாள் 1990 மார்ச் 10. மறுநாள் பினோசெட் அதிபர் நாற்காலியை விட்டு இறங்கினார். வீட்டைக் காலிசெய்கிறவர் போகிற போக்கில் பூட்டைப் போட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு போன மாதிரி. 2006-இல் போராடிய பிள்ளைகளில் பலர் பிறந்ததும் அந்த ஆண்டையொட்டித்தான். சட்டமும் அவர்களும் சம வயது. அந்தப் பதினாறு ஆண்டுகளும் ஆண்டவை மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகள். பொருளாதார மேதைகளுக்கும் கல்வி அறிஞர்களுக்கும் அவற்றில் பஞ்சமில்லை. அந்தச் சட்டத்தை நீக்கு என்பதைத் தேசத்தின் முதல் பேச்சாக்க, பள்ளிச் சீருடையில் இருந்தவர்கள் வரவேண்டியிருந்தது. முழுநாள் பள்ளி என்று நேரத்தை நீட்டிவிட்டு, அந்த நேரத்துக்கு வேண்டிய சாப்பாட்டையும் இடத்தையும் யோசிக்காமல் விட்டதையும் அவர்களே சுட்டினார்கள். சாயங்காலம் வரை பசியோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாதது அமைச்சக அறையில் இருப்பவருக்குத் தெரியும் என்று எப்படி நம்புவது?

அடுத்தது, தூண்டுதல்.

இந்த வாதத்துக்கு நெடுநேரம் செலவிட விருப்பமில்லை. அப்போது ஆட்சியில் இருந்தவர் மிச்செல் பாச்லெட், மைய இடதுசாரிக் கூட்டணியின் அதிபர். பினோசெட் காலத்தில் தந்தையைச் சிறையில் பறிகொடுத்தவர், தாமும் சிறைப்பட்டவர். பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. எதிர்க்கட்சியான வலதுசாரிகளோ பினோசெட்டின் சட்டத்துக்கு வக்காலத்து வாங்கியவர்கள். ஆளுங்கட்சி தூண்டினால் தன் தலையிலேயே மண்; எதிர்க்கட்சி தூண்டினால் தன் சட்டத்துக்கே வேட்டு. பிள்ளைகளின் பேரவையில் இடதுசாரியும் இருந்தார், வலதுசாரியும் இருந்தார், கட்சியே வேண்டாம் என்றவரும் இருந்தார். அவர்கள் தங்களுக்குத் தலைவர் என்று வைத்துக்கொள்ளவில்லை. பேரவையின் முடிவை வெளியே சொல்லச் செய்தித் தொடர்பாளர்களை வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர் சங்கம் ஆதரித்தது உண்மை. ஆதரவு வேறு, தூண்டுதல் வேறு. பிள்ளைகள் பேசினால் மட்டும் இந்த வித்தியாசம் நமக்கு மறந்துபோகிறது.

படிப்பு பாழாகிறது என்ற மூன்றாவது வாதத்தை அப்படித் தள்ள முடியாது. பாழானது. 2006-இல் பள்ளிகள் வாரக்கணக்கில் மாணவர் கையில் இருந்தன. 2011-இல் கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து மறுபடி எழுந்தபோது அது மாதக்கணக்கில் நீண்டது. இழந்தவர்கள் யார்? கட்டணம் கட்டிப் படித்தவர்கள் அல்ல, அரசுப் பள்ளியில் இருந்தவர்களே. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இது. அதை மறைத்துவிட்டு நான் எழுதினால் நேர்மையாகாது. இன்னொன்றும் உண்டு. 1813-இல் தொடங்கிய, அதிபர்கள் பலரை உருவாக்கிய இன்ஸ்டிடியூட்டோ நசியோனல் என்ற புகழ்பெற்ற அரசுப் பள்ளி, பின்னாளில் முகமூடிக் கும்பல்களும் பெட்ரோல் குண்டுகளுமாகச் சீரழிந்தது. கடும் வன்முறையில் இறங்கும் மாணவரை உடனே நீக்க வகைசெய்யும் சட்டம் 2018-இல் வந்தது. அந்தக் குண்டுக்கு என்னிடம் நியாயம் இல்லை.

ஆனாலும் கேட்க ஒன்று இருக்கிறது. போராட்டம் இல்லாத நாட்களில் தண்ணீர்ப் பள்ளியில் எந்தப் படிப்பு நடந்தது? மழைக்காலம் முழுக்க இழந்த பாடத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை. பிள்ளைகள் வெளியே வந்த அன்றிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது. முதல் கணக்கையும் சேர்த்துச் சொல்பவரோடு உட்கார்ந்து பேசலாம்.

இனி, "என்னத்தைக் கண்டார்கள்?"

2006 மே 30 வேலைநிறுத்தத்தில் பத்திரிகைக் கணக்குப்படி 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். இரண்டே நாளில் அதிபர் தொலைக்காட்சியில் தோன்றிச் சலுகைகளை அறிவித்தார்: ஏழை மாணவர்களுக்கு நுழைவுத் தேர்வுக் கட்டணம் இல்லை, பேருந்து அட்டைக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஜூலையில் கல்வி அமைச்சர் மாற்றப்பட்டார். 81 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவில் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. பிறகு வழக்கமான பெரியவர் வேலை. 2007 நவம்பரில் ஆளும் கூட்டணித் தலைவர்களும் எதிர்க்கட்சித் தலைவர்களும் கைகோத்து உயர்த்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த உடன்பாட்டின்படி 2009-இல் பழைய சட்டம் போய்ப் புதியது வந்தது. பெயர் மாறியது, லாபம் மாறவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்ற கோபம் அந்தத் தலைமுறையை விட்டு அகலவே இல்லை. 2011-இன் பெரும் எழுச்சியில் அதற்கும் பங்கு உண்டு.

மானியம் பெறும் பள்ளி லாபம் எடுக்கவும், பெற்றோரிடம் கட்டணம் வாங்கவும், பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கவும் படிப்படியாகத் தடை விதித்த சட்டம் 2015-இல் வந்தது. எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பல்கலைக்கழகக் கல்வி 2016-இல் தொடங்கியது. 2011-இல் கல்லூரி மாணவர் தலைவர்களாக இருந்தவர்களில் காப்ரியேல் போரிக் 2022 மார்ச்சில் 36 வயதில் அதிபரானார். நமக்கு இது விநோதமில்லை. 1965 மொழிப்போரில் நின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், 1967-இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்த மண் இது. அதே மண்ணில் இருந்துகொண்டு 'மாணவனுக்கு ஏன் அரசியல்?' என்று கேட்பவருக்கு ஞாபகமறதி அதிகம்.

பிள்ளைகள் சுயநலக்காரர்கள் என்று சொல்பவர்களுக்கு 2019 அக்டோபரை நினைவூட்ட வேண்டும். சாண்டியாகோ மெட்ரோவில் கட்டணம் 30 பெசோ ஏறியது. சீருடைப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் தடுப்பைத் தாண்டிக் குதித்தார்கள். மாணவர் கட்டணம் ஏறவே இல்லை. ஏறியது அவர்களுடைய அப்பா அம்மாவின் கட்டணம்.

பள்ளிகளை நகராட்சியிடமிருந்து மீட்டுப் பொதுக் கல்வி அமைப்பிடம் கொடுங்கள் என்பது 2006-இன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. அதற்கான சட்டம் 2017-இல் நிறைவேறியது. கைமாற்றம் 2018-இல் தொடங்கியது. கேட்டவர்கள் அப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.