கணவர் கனடாவில், கோப்பு நிலுவையில்: விசிட்டர் விசா குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் விடாமல் வருகிறவர்களில் பலருக்கு வேண்டுதல் கல்யாணம்தான். வேண்டுதல் பலித்து, மாப்பிள்ளை டொரன்டோவிலோ பிராம்ப்டனிலோ அமைந்துவிட்டால் அடுத்த காத்திருப்பு தொடங்கிவிடுகிறது. லீவு முடிந்து அவர் விமானம் ஏறிவிடுவார். பெண் போரூரில் வேலைக்குப் போய்க்கொண்டே பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கோப்பு நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். சில வீடுகளில் இது தலைகீழ்: மனைவி அங்கே நர்ஸ், கணவர் இங்கே. ஈசனை அடைய பஞ்சாக்கினி நடுவே ஒற்றைக்காலில் அம்மன் தவம் நின்ற தலம் இது என்பார்கள். அந்தத் தவத்துக்கு யாரும் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கவில்லை.

கணவன், மனைவி ஸ்பான்சர் விண்ணப்பத்துக்குக் கனடா குடிவரவுத் துறை வெகுகாலமாகச் சொல்லிவந்த கெடு 12 மாதம். கியூபெக்கில் கதையே வேறு. 2024 ஜூன் 26 தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குக் குடும்ப ஸ்பான்சர் விண்ணப்பங்கள் 13,000 மட்டுமே ஏற்கப்படும் என்று அந்த மாகாணம் வரம்பு வைத்தது. இந்த இடைவெளியில் கொஞ்ச நாளாவது சேர்ந்திருக்கலாமே என்றுதான் விசிட்டர் விசா கேட்கிறார்கள்.

கேட்கப் போகும்போது ஏஜென்ட் சொல்கிறார்: “பி.ஆர். போட்டதைச் சொல்லாதீங்க, ரிஜெக்ட் ஆயிடும்.”

இந்த அறிவுரையை எங்கள் சங்கம் முழுமையாக எதிர்க்கிறது. நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதாலேயே ஒருவர் தற்காலிகமாக வருவதற்குத் தடையில்லை என்று கனடாவின் 2001ஆம் ஆண்டு குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 22(2)ஆம் பிரிவில் சொல்கிறது. அனுமதித்த காலம் முடிந்ததும் கிளம்பிவிடுவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும், அவ்வளவே. ஆக, மறைக்க வேண்டிய விஷயமே அங்கில்லை. மறைத்தால்தான் ஆபத்து: அதே சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, முக்கியத் தகவலை மறைத்தவருக்கு ஐந்து ஆண்டுகள் கனடாவின் கதவு மூடப்படும். பி.ஆர். கோப்பும் அதோடு போகும். அந்தக் கோப்பு அதே துறையின் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது என்பதை ஏஜென்ட் மறந்துவிடுகிறார். ஃபீஸ் வாங்க மறப்பதில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பி.ஆர். கோப்பில் கல்யாண ஆல்பம், தினசரி வாட்ஸ்அப் பேச்சு, அவர் அனுப்பிய பணம் எல்லாம் வைத்து “நாங்கள் பிரிந்திருக்க முடியாதவர்கள்” என்று நிரூபிக்க வேண்டும். விசிட்டர் விண்ணப்பத்திலோ “சொன்ன தேதியில் பிரிந்து வந்துவிடுவேன்” என்று நிரூபிக்க வேண்டும். இரண்டும் ஒரே பெண்ணைப் பற்றிய உண்மைகள்தான். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சந்தேகிப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே விரோதம். பி.ஆர். வரிசையில் நிற்கிறவர் விதிமீறித் தங்கினால் இழப்பது அவர்தான். அதனாலேயே அவர் விதியை மதிக்கக் கூடுதல் காரணம் இருக்கிறது என்பது சங்கத்தின் வாதம்.

கனடா அரசே இதை ஓரளவு ஒப்புக்கொண்டது. 2023 மே மாதம் அப்போதைய குடிவரவு அமைச்சர் ஷான் ஃப்ரேசர், ஸ்பான்சர் செய்யப்பட்ட துணைகளின் விசிட்டர் விசாக்களில் பெரும்பாலானவை 30 நாளில் முடிக்கப்படும் என்று அறிவித்தார். புதிய முறையில் பார்த்தவற்றில் 90 சதவீதம் ஏற்கப்பட்டதாகவும் துறை சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இரு நாட்டுத் தூதரகத் தகராறு முற்றி 41 கனடியத் தூதர்கள் இந்தியாவை விட்டுக் கிளம்பினார்கள். இந்தியாவிலிருந்த குடிவரவு ஊழியர்கள் 27 பேரிலிருந்து ஐந்து பேரானார்கள். அரசுகளின் சண்டைக்குத் தம்பதிகள் விலை கொடுக்கக் கூடாது. 30 நாள் என்ற வாக்கைத் துறை காப்பாற்ற வேண்டும். மறுத்தால், 22(2)ஐ எப்படிப் பரிசீலித்தோம் என்று கடிதத்திலேயே எழுத வேண்டும்.

அமெரிக்காவுக்கு இதே தைரியத்தோடு போக முடியாது. அங்கே குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகிறவர் குடியேறத்தான் வருகிறார் என்ற அனுமானத்திலிருந்தே தொடங்குகிறது. எச்-1பி, எல் விசாக்களுக்கு விலக்கு உண்டு. சுற்றுலா விசாவுக்கு இல்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைக்காக 2000இல் ‘வி’ விசா வந்தது, ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 21க்குள் மனு போட்டவர்களோடு நின்றுபோனது.

நம் பக்கத்து வேலையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும். கோயில் ரசீதோடு நின்றுவிடும் குடும்பங்கள் பின்னால் தவிக்கின்றன. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்தும் சான்றிதழில் வெறும் இனிஷியலாகவும் இருப்பதை முதலிலேயே சரிசெய்வது நல்லது. விண்ணப்பக் கடிதத்தில் பி.ஆர். கோப்பு எண்ணை முதல் பத்தியிலேயே எழுதி, கம்பெனியின் லீவு கடிதம், திரும்பும் தேதி, கணவரின் வருமானம், மருத்துவ இன்ஷூரன்ஸ் ஆகியவற்றை இணைக்குமாறு சங்கம் சொல்கிறது.

ரிஜெக்ட் ஆனாலும் அதனாலேயே பி.ஆர். கோப்பு மூடப்படுவதில்லை. மறுப்புக்கான காரணத்துக்குப் பதில் சொல்லும் புதிய ஆவணங்களோடு மறுபடி விண்ணப்பிக்கலாம். 60 நாளுக்குள் கனடாவின் ஃபெடரல் கோர்ட்டில் மறுஆய்வும் கேட்கலாம், செலவு அதிகம். அதற்கு முன் கணவர் தம் தொகுதி எம்.பி. அலுவலகத்துக்கு எழுதிப் பார்க்கட்டும். இத்தகைய கோப்புகளை விசாரிப்பது அங்கே அன்றாட வேலை.