சொல்லித்தரும் அக்காவுக்கு நேரம் கொடுங்கள்

வார்டிலேயே பல ஆண்டு பழுத்த செவிலியர்கள், புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதைத் தங்கள் டியூட்டியாகவே நினைக்கிறார்கள்; பணிக்கணக்கில்தான் அதற்கு இடமில்லை. பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேரடியாக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும் என்பது பாடத்திலேயே உண்டு. ஆனால் நள்ளிரவில் மூன்று படுக்கைகளிலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிடும்போது, ஆம்பூலின் லேபிளை இன்னொரு முறை வாசிக்க வைப்பவர் பக்கத்தில் நிற்கும் அக்காதான். "சந்தேகம்னா போடாதேம்மா, என்னைக் கூப்பிடு" என்று சொல்லவும் அவருக்கு நேரம் வேண்டுமே! செவிலியரின் தேர்ச்சி அனுபவத்தால் ஐந்து படிகளில் வளர்கிறது என்று அமெரிக்கச் செவிலிய அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-லேயே எழுதிவிட்டார். போதனா மருத்துவமனைப் பொது வார்டுகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். பல இடங்களில் ஒரு முழு வார்டே ஒருவர் தலையில் விழுகிறது. அந்த நெருக்கடியில் மூத்தவர் ஒருமுறை எரிந்து விழுந்தால் போதும், புதியவர் அதன்பின் சந்தேகம் கேட்கவே மாட்டார். நோயாளிக்கு ஆபத்து தொடங்குவது அங்கேதான். முதல் சில மாதங்களுக்காவது சொல்லித்தருபவரின் படுக்கை எண்ணிக்கையைக் குறையுங்கள். அந்த நேரத்தைப் பணி நேரமாகவே பதிவு செய்யுங்கள்.