டாக்டர் பதில்கள்: கல்லீரலில் மறுபடியும் கட்டி... வீட்டை அடமானம் வைத்து 'ஒய்-90' செய்யலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. போன வருடம் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி என்று ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். 11 மாதம் நன்றாக இருந்தார். இப்போது மிச்சமிருக்கும் கல்லீரலில் இரண்டு கட்டிகள். மறுபடி ஆபரேஷன் முடியாதாம். 'ஒய்-90' என்று ரத்தக்குழாய் வழியாகக் கதிர்வீச்சு கொடுக்கலாம், சில லட்சம் ஆகும் என்கிறார்கள். வீட்டை அடமானம் வைக்கலாமா? ஆபரேஷன் முடிந்ததுமே இதைக் கொடுத்திருந்தால் கட்டி வந்திருக்காதோ? வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறது.

பதில்: முதலில் உங்களை நொந்துகொள்வதை நிறுத்துங்கள். கல்லீரல் புற்றுநோயில் வெட்டி எடுத்த பிறகும் ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் கட்டி திரும்பி வருகிறது. ஆபரேஷன் முடிந்த கையோடு கதிரியக்க அயோடினைக் கல்லீரல் தமனியில் செலுத்திப் பார்த்தார்கள். ஹாங்காங்கில் 43 பேரிடம் செய்து 1999-ல் வெளியான ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் பின்னர் சிங்கப்பூர் மருத்துவர்கள் 103 பேரிடம் செய்தபோது அந்தப் பலன் உறுதியாகவில்லை. ஆகவே, நீங்கள் எதையும் கோட்டைவிடவில்லை.

இப்போது உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது வேறு. நல்ல கல்லீரல் தனக்கு வேண்டிய ரத்தத்தில் முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கட்டியோ தமனியை நம்பி வளர்கிறது. எனவே தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை நுழைத்து, தலைமுடியின் பருமனைவிடச் சிறிய மணிகளைத் தமனிக்குள் விடுகிறார்கள். அவற்றில் இருப்பது இட்ரியம்-90. அதன் கதிர் திசுவுக்குள் சராசரியாக 2.5 மில்லிமீட்டர்தான் பாயும். அதனால் குழந்தையைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். தாத்தா சில நாள் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சாமல் இருந்தால் போதும். எத்தனை நாள் என்பதை மருத்துவமனையிலேயே எழுதித் தருவார்கள். 64 மணி நேரத்துக்கு ஒருமுறை வீரியம் பாதியாகும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பணத்துக்கு வருவோம். நேரடியாக மணிகளை விடமாட்டார்கள். முதலில் ஓர் ஒத்திகை உண்டு. டெக்னீஷியம் ஏற்றிய துகளைச் செலுத்தி, அது நுரையீரலுக்கோ இரைப்பைக்கோ கசிகிறதா என்று படமெடுப்பார்கள். இரைப்பைக்கு மணிகள் போனால் ஆறாத புண் வரும். நுரையீரலுக்கு நிறையக் கசிந்தால் சிகிச்சையையே கைவிட வேண்டியிருக்கும். எனவே அந்த முடிவு வரும்வரை வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு எங்கும் போகாதீர்கள்.

அப்பாவின் உடம்பு தாங்குமா என்பதை மிச்சமிருக்கும் கல்லீரல்தான் சொல்ல வேண்டும். பிலிருபின் 2-ஐத் தாண்டியிருந்தாலோ வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ நான் தயங்குவேன். அந்த நிலையில் இந்தக் கதிர்வீச்சே மிச்சக் கல்லீரலைச் செயலிழக்க வைத்துவிடலாம். நல்ல நிலையில் இருப்பவர்களுக்குப் பொதுவாகச் சில வாரம் அசதி, லேசான காய்ச்சல், வயிற்று வலி, பசியின்மை இருக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள். கட்டிகள் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால், ஊசி வழியாகச் சூடுவைத்துக் கருக்கும் முறை பொருந்துமா? பல இடங்களில் அதற்குச் செலவு குறைவு. பெரிய மருத்துவமனைகளில் அறுவை, கதிரியக்கம், புற்றுநோய் மருத்துவர்கள் கூடி முடிவெடுக்கும் குழு இருக்கும்; ஸ்கேன் சிடியோடு அங்கே இரண்டாவது கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை. இப்போதைய மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்!

அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், இந்த அலைச்சலில் அது ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது.